கடற்கரை நாயும் பங்குனி ஆமையும்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை நாமும் கடற்கரை மாவட்டத்தினராகவே இருந்தோம். பாகப்பிரிவினையில் பட்டாசும் தீப்பெட்டியும் நம் பக்கம் வந்தன. அலையோசை அந்தப் பக்கம் போய்விட்டது. ஆயினும் நம் வைப்பாறு, மழை பெய்யும் ஆண்டுகளில், மன்னார் வளைகுடாவில்தான் போய்ச் சேர்கிறது. ஆகவே கடற்கரைத் தகராறு ஒன்றைப் பற்றிப் பேச நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

தகராறு இதுதான்: ஊர்ப் பொதுவான கடற்கரையில் நாய்கள் சங்கிலியின்றித் திரியலாமா, கூடாதா? சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் தை பிறந்ததும் எழுகிறது. காரணம், அந்த மாதங்களில்தான் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பங்குனியில் மிகுதியாகக் காணப்படுவதால் நம் கடலோர மக்கள் அவற்றைப் பங்குனி ஆமை என்றே அழைக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் சென்னையில் இரவு நேர ஆமை நடையைத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அப்பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது. உங்களைவிடச் சில வயதே மூத்த கல்லூரி மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து, ஆமையின் தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முட்டைகளை ஏன் இடம் மாற்ற வேண்டும்? அப்படியே விட்டால் மனிதரும் நாய்களும் தோண்டிவிடுவார்கள். தப்பிப் பொரிந்த குஞ்சுகளோ தெருவிளக்கைக் கடலென்று எண்ணிச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும்.

மறுபக்கத்தையும் கேட்போம். அடுக்குமாடி வீட்டில் நாள் முழுதும் அடைபட்டுக் கிடக்கும் நாய்க்கு ஓடியாட இடம் எங்கே இருக்கிறது? பூங்காவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். 2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை அடுத்து, நாயோடு பூங்காவுக்குள் நுழைபவரை எல்லாரும் முறைத்தே பார்க்கிறார்கள். சாலையில் வண்டிகள். மிச்சம் இருப்பது கடற்கரை ஒன்றுதான். தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் அன்பர்களும் இருக்கிறார்கள். எந்தப் பயனும் கருதாமல் அவர்கள் செய்வதைக் கேலி செய்வது எளிது, செய்து பார்ப்பது கடினம். மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. அவர்களை யாரும் பேசவிடுவதில்லை. அவர்கள் மீனவர் குப்பத்து மக்கள். அவர்களுடைய நாய் வீட்டு நாயுமன்று, தெருநாயுமன்று. அது குப்பத்துப் பொது நாய். படகடியில் உறங்கும், காயும் கருவாட்டுக்கு அருகே படுத்துக் காக்கையை விரட்டும். சங்கிலி என்ற பொருளே அதற்குத் தெரியாது.

விசித்திரம் என்னவென்றால், சண்டையிடும் இரு தரப்பாரும் அரசியலமைப்பின் ஒரே பிரிவைக் காட்டுகிறார்கள். 1976-இல் சேர்க்கப்பட்ட 51-அ பிரிவின் ஓர் உட்கூறு, வனவிலங்கு உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காப்பதையும், உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதையும் குடிமகனின் கடமையாக ஒரே மூச்சில் சொல்கிறது. முதற்பாதியை ஆமைக்காரர் படிக்கிறார். பிற்பாதியை நாய்க்காரர் படிக்கிறார்.

சட்டங்களும் இப்படியே முட்டிக்கொள்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளோ, தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்கின்றன. பிடித்த இடம் கடற்கரையானால்? கடற்கரையிலேயேதான் விடவேண்டும். கருத்தடை நாய்களின் பெருக்கத்தைக் குறைக்கும். அது நல்ல திட்டம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருத்தடை செய்த நாய்க்கும் மூக்கு உண்டு, முன்னங்கால் உண்டு. இந்த ஆண்டு முட்டையைத் தோண்டுவதை அது எவ்வகையிலும் தடுக்காது. 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் முதலில் ஓர் ஆணையும், பதினோரு நாள் கழித்து அதைத் திருத்தி இன்னோர் ஆணையும் பிறப்பித்தது. அவ்வாண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டரங்கு, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றவும், அங்கே திரும்ப விடாமலிருக்கவும் பணித்தது. நாடு முழுவதும் இதைப் பற்றியே பேச்சாக இருந்தது. அந்தப் பட்டியலில் கடற்கரை இல்லை. மனிதர் கூடும் இடங்களை மனத்தில் கொண்டு எழுந்த வழக்கில் ஆமை முட்டையிடும் இடம் யார் நினைவுக்கும் வராததில் வியப்பில்லை.

இனி நம் துறைக்கு வருவோம். நாய் முட்டையைத் தின்றால்தான் கேடு என்று பலரும் நினைக்கிறார்கள். "என் நாய் சும்மா மண்ணைக் கிளறும், ஒன்றையும் தின்னாது" என்பது கடற்கரையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. வெப்ப இயற்பியல் இதை ஒப்புக்கொள்வதில்லை.

பகலில் மணலின் மேற்பரப்பு கொதிக்கிறது, இரவில் குளிர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலை போல மணலுக்குள் இறங்குகிறது. இறங்க இறங்க வலுவிழக்கிறது. மணலின் வெப்பம் கடத்தும் தன்மையையும் 24 மணி நேரச் சுழற்சியையும் வைத்துக் கணக்கிட்டால், உலர்ந்த மணலில் ஏறத்தாழ ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்துக்கும் அலைவின் வீச்சு 2.7-இல் ஒரு பங்காகச் சுருங்குவதைக் காணலாம். மேற்பரப்பில் சராசரிக்கு மேலும் கீழும் 15 டிகிரி ஊசலாடுவதாக வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. ஆழத்தில் அது 5.5 டிகிரி, 20 செ.மீ.-இல் 2 டிகிரி, 30 செ.மீ.-இல் முக்கால் டிகிரி, 40 செ.மீ.-இல் கால் டிகிரியைச் சற்றே தாண்டும். அதாவது முழங்கை ஆழத்தில் இரவுமில்லை, பகலுமில்லை. பங்குனி ஆமை தன் பின்துடுப்புகளால் குடம் போன்ற குழி பறித்து ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான் நூறு, நூற்றிருபது முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகிறது. எந்தக் கல்லூரியிலும் படிக்காத பிராணி, எவ்வளவு சரியான ஆழத்தைத் தேர்ந்திருக்கிறது பாருங்கள்!

இந்த நிலைத்த வெப்பம் முட்டைக்கு ஏன் வேண்டும்? ஆமைக்கு ஆண், பெண் என்பது நம்மைப் போல நிறப்புரிகளால் தீர்மானிக்கப்படுவதில்லை. மணலின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரி சுற்றளவில் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே ஆண்கள் மிகும். மேலே பெண்கள் மிகும். மேலும் ஏறி 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கரு பிழைப்பது அரிது. இப்போது நாய் ஒன்று வாசனை பிடித்து வந்து 30 செ.மீ. மணலைக் கிளறித் தள்ளிவிட்டு, முட்டையைத் தொடாமலேயே போய்விடுகிறது என்று கொள்வோம். முட்டைக்கு மேலே எஞ்சுவது 10 செ.மீ. மணல். கால் டிகிரி ஊசலாடிய இடத்தில் இனி ஐந்தரை டிகிரி ஊசலாடும். சராசரி 30 என்றால் பிற்பகலில் 35-ஐ எட்டிவிடும். நாய் ஒன்றையும் தின்னவில்லை. உரிமையாளர் சொன்னது உண்மைதான். ஆனால் முட்டைகள் அவிகின்றன.

அடுத்த வாதம்: "என் நாய் ஒருபோதும் எதையும் கொன்றதில்லை." இதுவும் பெரும்பாலும் உண்மையே. நூறு நாய்களில் தொண்ணூற்றைந்து நாய்கள் அலையைத் துரத்திவிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இத்தகைய சேதத்தைச் சராசரியால் அளக்கக் கூடாது. நியூசிலாந்தில் வைடாங்கி என்னும் காட்டில் 1987-இல் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஏறத்தாழ 900 கிவிப் பறவைகள் வாழ்ந்தன. ஆய்வாளர்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பறவைகளுக்கு வானொலி அலைபரப்பும் சிறு கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். சில வாரங்களில் அவற்றில் 13 பறவைகள் செத்துக் கிடந்தன. கருவி பொருத்தியவற்றில் பாதிக்கு மேல் செத்தன என்றால், பொருத்தாதவற்றிலும் அதே விகிதம் செத்திருக்கும் அல்லவா? இப்படித்தான் ஏறத்தாழ 500 பறவைகள் மாண்டிருக்க வேண்டும் என்று மதிப்பிட்டார்கள். குற்றவாளி ஒரே ஒரு நாய், ஓர் அல்சேஷன் பெண் நாய். கருவி பொருத்தியிராவிட்டால் அந்தக் காட்டில் ஏதோ நடந்தது என்பதே யாருக்கும் தெரிந்திராது. பறக்கத் தெரியாத பறவையும் மணலுக்கடியில் உள்ள முட்டையும் ஒரு விதத்தில் ஒன்றே. ஓடித் தப்ப வழியில்லை.

இவ்வளவும் சொன்னதால் நான் ஆமைக்காரர் கட்சி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்களில் சிலர் நாயே ஆமையினத்தை அழிக்கிறது என்று மேடைகளில் பேசுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் சென்னையையும் அதை அடுத்த கடற்கரையையும் ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அவற்றை நாய் கொல்லவில்லை. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு, செவுள் இல்லை. மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டும். விசைப்படகின் இழுவை வலையில் சிக்கி மணிக்கணக்கில் நீருக்கடியில் இழுபட்டால் மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுக்குள், இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை தப்பிப்பதற்கு வலையில் பொருத்தும் கதவும் இருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஏட்டில் இருக்கின்றன.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து தாயாகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு கூட்டில் சுமார் 100 குஞ்சுகள் என்று எடுத்துக்கொண்டால், பத்துக் கூடுகள் சேர்ந்து ஒரு வளர்ந்த ஆமையைத் தருகின்றன. அப்படியானால் ஒரே பருவத்தில் செத்த ஆயிரம் ஆமைகளுக்கு ஈடு, பத்தாயிரம் கூடுகள்! சென்னைக் கரையில் தன்னார்வலர் கண்டெடுக்கும் கூடுகள் ஆண்டுக்குச் சில நூறுதான். நாய்கள் அத்தனையையும் தோண்டிவிட்டாலும் வலை செய்த சேதத்தின் அருகே கூட வராது. நாயை மட்டும் ஏசிவிட்டு விசைப்படகு முதலாளியைப் பற்றிப் பேசாதிருப்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. நாய் வாக்களிப்பதில்லை, மறியல் செய்வதில்லை. அதை ஏசுவது எளிது.

ஆனால், "முதலில் வலையைத் தடு, பிறகு என் நாயைக் கட்டு" என்பதும் சரியாகாது. கூரையில் பெரிய ஓட்டையை அடைக்கும் வரை சின்ன ஓட்டை ஒழுகட்டும் என்று யாரும் விட்டுவைப்பதில்லை. அதிலும் சின்ன ஓட்டையை அடைக்க இங்கே ஆகும் செலவு ஒரு முழக் கயிறு. தாய் ஆமைகள் கூட்டங்கூட்டமாகச் சாகும் ஆண்டில், ஏற்கெனவே இடப்பட்ட முட்டைகளின் மதிப்பு குறைவதில்லை, கூடுகிறது.

எங்கள் வட்டாரத்திலும் இதையொத்த சண்டை ஒன்று நடந்தது. இன்னும் முழுதாக ஓயவில்லை. வெடிச் சத்தம் அதிகம் என்றார்கள் ஊரார். அதிகமில்லை என்றார்கள் உற்பத்தியாளர். ஒருவர் காதுக்கு இடி, இன்னொருவர் காதுக்கு இசை. 1999-இல் ஓர் அளவு வைத்தார்கள்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்த எண் சரியா, தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் எந்தத் தொலைவில், எந்தக் கருவியால், எவ்வளவு என்று கேட்கும் நிலைக்குச் சண்டை வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை உண்டு. "நாய் கடற்கரைக்கு வரலாமா?" என்னும் கேள்விக்கு விடையே இல்லை. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த இரண்டு கல்லுக்கு நடுவே என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கடற்கரைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள தேசியப் பொழுதுபோக்குப் பரப்பில் நாய்களை அவிழ்த்துவிட 1979-இல் ஒரு கொள்கை வகுத்தார்கள். 2001-இல் சங்கிலி கட்டாயம் என்றார்கள். வழக்கு வந்தது, 2005-இல் நீதிமன்றம் நாய்க்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. பல ஆண்டு ஆய்வுக்குப்பின் 2016-இல் ஒரு பெரிய விதித்தொகுப்பை முன்மொழிந்தார்கள். 2017-இல் அதையும் கைவிட்டார்கள். கிட்டத்தட்ட நாற்பதாண்டுச் சண்டையில் எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்குமான விதி ஒன்றும் தேறவில்லை. நிலைத்தது எது தெரியுமா? பனி உப்புக்கொத்தி என்னும் சிறு பறவை வந்து தங்கும் இரண்டு மணற்பகுதிகளில், அது தங்கும் மாதங்களில் மட்டும் சங்கிலி வேண்டும் என்று 2008-இல் போட்ட சின்ன விதி.

நம் கடற்கரைக்கும் இந்த அளவே போதும் என்பது என் கருத்து. ஜனவரி முதல் மே வரை, ஆமை ஏறும் பகுதிகளில் கல் நட்டு எல்லை குறித்து, அந்த எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு இரவும் பகலும் சங்கிலி. எல்லைக்கு வெளியே ஓடட்டும், ஆடட்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை எல்லையே வேண்டாம். பகலிலும் சங்கிலி எதற்கென்றால், ஆமை இரவில் வந்து போய்விடுகிறது, முட்டையோ 45 முதல் 60 நாள் வரை அங்கேயே கிடக்கிறது. தன்னார்வலர் கண்ணில் படாமல் தப்பிய கூடுகள்தான் நாயிடம் அகப்படுபவை. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லும் கட்டாயமாக்கியிருப்பதால், விதியை மீறிய நாய் யாருடையது என்று கண்டுபிடிப்பதும் இனிக் கடினமன்று.

தெருநாய்களை எங்கோ கொண்டுபோய்த் தள்ளுவது தீர்வாகாது. காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வரும், சோறு அங்கே இருக்கும் வரை. சோற்றை நகர்த்துங்கள், நாய் தானே நகரும். உணவு வைக்கும் அன்பர்கள் அந்த ஐந்து மாதம் சாலைக்கு அப்பால், ஊருக்குள் வைக்கட்டும். குப்பத்தில் மீன் கழிவுக்கு மூடியுள்ள தொட்டிகளை நகராட்சி வைத்து, நாள்தோறும் அள்ளட்டும். விதியை எழுத உட்காரும் மேசையில் குப்பத்தார் இருவருக்காவது நாற்காலி போடவேண்டும். பங்களாக்காரர்கள் எழுதிய விதியைப் படகடியில் படுத்திருக்கும் நாய் படித்துப் பார்க்கப்போவதில்லை. அதை அழைத்தால் வரவைக்கக் கூடியவர்கள் குப்பத்துப் பிள்ளைகள்தாம். ஒடிசாவில் ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்தில் 2025 பிப்ரவரியில் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் ஏறின. அங்கே வனத்துறை வலைவேலி கட்டி நாய்களைத் தடுக்கிறது. கூட்டமாக ஏறும் சிறு இடத்துக்கு வேலி பொருந்தும். சென்னை போலச் சிதறி ஏறும் நீண்ட கரைக்கு வேலி கட்டினால் மீனவர் படகு எங்கே இறங்கும்?

மக்கள் இதற்கெல்லாம் இணங்குவார்களா என்று கேட்கலாம். நம் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதையொட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடக் கூடாதாம். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைப் பாராட்டுவது எனக்குக் கொஞ்சம் சங்கடந்தான். இருந்தாலும் பாராட்டத்தான் வேண்டும். வெடியையே விட்டவர்கள் இருக்கும்போது, ஐந்து மாதம் கயிற்றைக் கையில் பிடிப்பது முடியாத காரியமா?

நாயின் பெருமையும் இதனால் குறையாது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று நம் ராஜபாளையம் நாய். ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் நகரை அடுத்த ஒரு சிறு தீவில் நரிகள் புகுந்து, சில நூறாக இருந்த குட்டிப் பெங்குவின்களைப் பத்துக்கும் கீழே குறைத்துவிட்டன. 2006-இல் ஆட்டுக் காவலுக்குப் பழக்கிய மரெம்மா நாய்களை அங்கே காவல் வைத்தார்கள். பெங்குவின்கள் மீண்டும் பெருகின. அதே மூக்குதான், அதே பற்கள்தான்.

வெப்ப அலைக் கணக்கை நம்பாதவர்கள் நீங்களே செய்து பாருங்கள். கடலுக்குப் போக வேண்டாம். சாத்தூர் வைப்பாற்று மணலே போதும். மாசி மாதத்து வெயில் நாளில், பெரியவர் ஒருவர் துணையோடு, 10, 20, 30 செ.மீ. ஆழத்தில் மூன்று மூங்கில் குழாய்களைப் புதைத்து, ஒவ்வொன்றிலும் பள்ளி ஆய்வகத்து வெப்பமானியை நூலில் கட்டி இறக்குங்கள். குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்து, இரண்டு மணிக்கு ஒரு முறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அலைவு சுருங்குவதோடு இன்னொன்றும் தெரியும்: உச்சம் எல்லா ஆழத்திலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. மேல்மணல் பகல் ஒன்றரை மணிக்கு மிகச் சூடாக இருந்தால், 10 செ.மீ.-இல் மாலை ஐந்தரை மணியளவிலும், 20 செ.மீ.-இல் இரவு ஒன்பது மணியளவிலும்தான் உச்சம் வரும். ஈரமணலானால் நேரங்கள் சற்று முன்னதாக அமையும்.